நான் வாயடைத்த எச்சரிக்கை

அன்று கோட்டாறு ஸ்டுடியோவில் இருந்தவர்கள் முதலாளி, கல்யாணப் படங்கள் தொலைந்துபோன மணப்பெண்ணின் அப்பா, நான். ஊர்ப் பெயரில்தான் படங்களைச் சேமிப்போம். 'களியக்காவிளை பழையது' என்ற ஃபோல்டரை அழிக்கச் சொன்னபோது, பழைய படங்களை நீக்க நான் எழுதிவைத்த ஷெல் ஸ்கிரிப்ட் நடுவிலிருந்த இடைவெளியால் அதை இரண்டு பெயராகப் பிரித்து, 'களியக்காவிளை' என்றிருந்த புதுக் கல்யாணப் படங்களை அழித்துவிட்டது.

"ஸ்கிரிப்ட்டுல தப்பு இருக்கான்னு செக் பண்ணுத சாஃப்ட்வேர் ஒண்ணும் சொல்லலியா மக்கா?" என்றார் முதலாளி.

பெயரை மேற்கோள் குறிக்குள் போடச் சொல்லி அது தினமும் எச்சரித்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். அந்த இங்கிலீஷைக் கண்டாலே படிக்காமல் மூடிவிடுவேன். கடைசியில் எச்சரிக்கையே வராதபடி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.

"இல்ல அண்ணாச்சி."

"பய என்ன செய்வான், மெஷின்லா சதிச்சிட்டு" என்று பெண்ணின் அப்பா என் தோளைத் தட்டினார். அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுநாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். பெண் வீட்டாருக்கு அவர் திருப்பிக் கொடுத்த முப்பதாயிரம் ரூபாயை என் கணக்கில் எழுதச் சொன்னேன். இன்னும் பதினெட்டாயிரம் பாக்கி.