அடைபட்ட அலைவரிசை

வானொலி அலைகளை அளப்பது என் வேலை. ஜீப்பின் கூரையில் அன்டெனா, மடியில் அளவுகருவி. அதன் திரையில் ஒவ்வொரு அலைவரிசையும் ஒரு கோடாக எழுந்து விழும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும் என்பார்கள். எனக்கு அது கொஞ்சமும் கிடையாது.

அந்த மாதம் மன்னார் மீனவர்களிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்திருந்தது. படகுகள் பேசிக்கொள்ளும் அலைவரிசை காலை நேரங்களில் அடைபட்டுப் போகிறதாம். வெறும் இரைச்சல்தான் கேட்கிறது, அவசரத்துக்குக்கூடப் பேச முடியவில்லை என்றார்கள். விசாரித்த எல்லோரும் ஒரே பக்கம் கைகாட்டினார்கள்: எதிர்க்கரையான இந்தியாவிலிருந்து வரும் றோலர் இழுவைப் படகுகளின் வேலை. இங்கே வலை அறுந்தாலும் மீன் குறைந்தாலும் பழி போவது அங்கேதான். பல நேரம் அது சரியும்கூட. நானும் அதை நம்பி, எதிர்க்கரைக்கு மிகக் கிட்ட இருக்கும் தலைமன்னார் துறையடிக்குத்தான் முதலில் போனேன்.

மற்ற அலைவரிசைகள் எல்லாம் அமைதியாகக் கிடந்தன. அந்த ஒன்றில் மட்டும் கோடு விழாமல் நின்றது, ஆனால் மெலிந்துபோய். எதிர்க்கரையிலிருந்து வருவதென்றால் இங்கேதானே பலமாக இருக்க வேண்டும்? சாரதியிடம் ஜீப்பைத் திருப்பச் சொன்னேன். தாழ்வுபாடு கிராமத்தை நெருங்க நெருங்கக் கோடு உயர்ந்தது. கருவாடு காயும் ஒழுங்கை ஒன்றில் அது திரையின் உச்சியைத் தொட்டது. யாரோ வீட்டில் இருந்துகொண்டு விளையாடுகிறார்கள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏசுவதற்கு வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தே கிடந்தது. அடுப்படியிலிருந்து ஓர் இளம்பெண் கையைத் துடைத்தபடி வந்தாள். அறைக்குள் ஏணையில் ஒரு கைக்குழந்தை தூங்கியது. படகோடு பேச வைத்திருக்கும் வயர்லெஸ்ஸின் மைக் ஏணைக் கயிற்றில் தொங்கியது. பேசும்போது அழுத்தும் அதன் பொத்தான் அமுங்கியே இருக்கும்படி றப்பர் வளையம் போட்டு இறுக்கியிருந்தாள். பக்கத்தில் மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது.

பிறந்தபோது மூச்சு நின்று நின்று வந்த பிள்ளையாம். பிழைக்காது என்று பயந்து ஆஸ்பத்திரியிலேயே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். இனிப் பயமில்லை என்று டொக்டர்கள் வீட்டுக்கு அனுப்பியும் தகப்பனுக்கு மனம் ஆறவில்லை. கடலுக்கே போகமாட்டேன் என்று நின்றவரை, பிள்ளை தூங்கும்போது மூச்சு கேட்கும்படி வைக்கிறேன் என்று சொல்லி இவள்தான் அனுப்பியிருக்கிறாள்.

“அவருக்குக் கேக்குதோ இல்லையோ தெரியாது அக்கா,” என்றாள். “இதை அமத்தி வைச்சிருக்கேக்க அவர் கதைக்கிறது எனக்குக் கேக்காது.”

அடுக்கி வைத்த ஏச்சு எங்கே போனதோ தெரியவில்லை. விசிறி இரைச்சலில் அந்தச் சின்ன மூச்சு யாருக்கும் கேட்டிருக்காது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மற்றப் படகுகளுக்கு ஒன்றென்றால் கூப்பிட வழியில்லாமல் போகும் என்று மட்டும் சொன்னேன். பாவம், அதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. உடனே றப்பரைக் கழற்றினாள்.

இரைச்சல் நின்றது. கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் ஓர் ஆண்குரல், பதறிக்கொண்டு வந்தது.

“ஏன் நிப்பாட்டினனீ? பிள்ளைக்கு என்ன?”

மைக்கை எடுத்தவளுக்கு அழுகையில் பேச்சு வரவில்லை. அளக்கப் போன அலைவரிசையில் நான் ஒருநாளும் பேசுவதில்லை. அன்று அவள் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பொத்தானை அழுத்தினேன்.

“பிள்ளை நித்திரை கொள்ளுது,” என்றேன். “மூச்சு நல்லா வருது. நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன்.”