பனியன் துணிக் கூடாரம்

சென்ற வாரம் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. முதலிபாளையத்திலிருந்து நனைந்து வந்து, வண்டியைத் துடைக்கப் பழந்துணி தேடினேன். மாடிப்படிக்குக் கீழே வாளியில் கரும்பச்சைத் துண்டு ஒன்று கிடந்தது. ஈரம் பட்டதும் அதிலிருந்து ஒரு வாசனை எழுந்தது: நனைந்த பருத்தி, விறகுப் புகை, அடியில் மிக லேசாகப் பூண்டு. பூண்டு என் கற்பனையாக இருக்கலாம். அது எத்தனையோ முறை துவைத்த துணி. ஆனால் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் அதன் கீழே நாங்கள் இருவரும் படுத்திருக்கிறோம்.

எதையும் தேதி சொல்லித் தொடங்கும் வியாதி எனக்கு உண்டு. எங்கள் தெருவுக்குக் குழாய் வந்த நாளைக்கூடக் கேட்டால் சொல்வேன். அதனால் என் மனைவி எஸ்தர் எனக்கு வைத்த பெயர் கல்வெட்டு. ஆனால் இந்தப் பயணத்தை மட்டும் நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. கல்யாணம் முடிந்து வந்த முதல் தீபாவளி என்பதால் ஆண்டு தப்பாது. மற்றதெல்லாம் வாசனையை நம்பிச் சொல்வது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்துத் திருப்பூரைத் தீபாவளியன்று பார்த்திருக்கிறீர்களா? போனஸ் கொடுத்துப் பனியன் கம்பெனிகளைப் பூட்டியதும் ஊரே பஸ் ஏறிவிடும். மெஸ் கிடையாது, டீக்கடை கிடையாது. நாய்கள்கூடக் குழம்பிப்போய்த் திரியும். அதற்கு முந்தைய வாரம் முழுக்க எல்லோர் வாயிலும் ஒரே கேள்வி: "லீவுக்கு எந்த ஊருங்க?"

எங்களுக்குப் போக ஊர் இல்லை. நான் தாராபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். எஸ்தர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அங்கேயே ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். சாதியும் சாமியும் வேறு என்பதால் பதிவுத் திருமணம். எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். அவள் அப்பா மட்டும் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தார்: லீவுக்கு அவள் மட்டும் வரட்டும். போனால் திரும்ப அனுப்பமாட்டார்கள் என்பது அதிலேயே இருந்தது.

"என்ன முடிவு பண்ணுன?" என்று கேட்டேன்.

"மொதல்ல ஒரு மலையப் பாத்துருதேன். எங்க ஊர்ல உப்பளத்துல குவிச்சுப் போட்ட உப்புதான் மலை. எறங்கும்போது சொல்லுதேன்."

அறை எடுத்துத் தங்க வசதியில்லை. கூடாரம் தைத்துக்கொள்ளலாம் என்றேன். சாயம் மாறிப்போய் ஒதுக்கியிருந்த கரும்பச்சை இண்டர்லாக் பனியன் துணி மலிவாகக் கிடைத்தது. நான் வெட்டினேன், அவள் தைத்தாள். எங்கள் புத்தியைப் பாருங்கள்: துவைத்தால் சுருங்குமே என்று அதற்கு இடம் விட்டு வெட்டினேன். தையல் தெறிக்கிறதா என்று இருவரும் இரண்டு பக்கம் நின்று இழுத்துப் பார்த்து, நன்றாக நீளுகிறது என்று சந்தோஷப்பட்டோம். நுழையும் வழிக்கு எஸ்தர் டீ சர்ட்டின் கழுத்துக்கு வைக்கிற ரிப் வைத்துத் தைத்தாள். பனி உள்ளே வராதாம்.

தாராபுரம், பழனி வழியாக மோட்டார் சைக்கிளில் ஏறினோம். கூடாரம் பின்னால் கேரியரில். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பை. தூத்துக்குடி போவதாக முடிவானால் எடுத்துப்போக அவள் தனியாகக் கட்டிய துணிப்பை அது. திரும்பி வரும் வழியில் பழனி பஸ் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே போக பஸ் உண்டு. இருவருக்கும் அது தெரியும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தப் பை என் முதுகில் வந்து இடித்தது.

நான் படித்த மனிதன் இல்லையா, சும்மா வருவேனா? இந்த மலைகளில் இறந்தவர்களுக்காகப் பாறைப் பலகைகளை அடுக்கிய பழங்காலக் கல்திட்டைகள் இருப்பதை வழியெல்லாம் விளக்கிக்கொண்டே போனேன். "கல்வெட்டு, ரோட்டப் பாத்து ஓட்டுங்க. இல்லன்னா நமக்கும் ஒரு கல்லு நடணும்" என்றாள்.

கொடைக்கானலைத் தாண்டிப் பூம்பாறையில் ஒரு பூண்டுத் தோட்டக்கார அம்மா, பயிர் வைக்காமல் விட்டிருந்த பாத்தியில் படுத்துக்கொள்ளச் சொன்னார். கூடாரம் கம்பீரமாக நின்றது. விடியும்போது என் மூக்கின் மேல் ஏதோ குளிர்ந்து கிடந்தது. கூரைதான். பின்னல் துணி இரவெல்லாம் பனியைக் குடித்துக் குடித்து, கனத்து, நீண்டு, எங்கள் முகத்துக்கே இறங்கிவிட்டது. நீளும் என்று சந்தோஷப்பட்டோமே, அதே நீளல்தான்.

வெளியே தோட்டக்கார அம்மாவின் சிரிப்பு. "ஏஞ் சாமி, கூடாரம்னு சொல்லிப்போட்டு ரெண்டு பேரும் பனியனுக்குள்ளயா படுத்துக் கெடந்தீங்க?"

எஸ்தர் உள்ளிருந்தே சொன்னாள்: "நாங்க திருப்பூர்க்காரங்கம்மா. எங்களுக்கு வேற என்ன துணி தெரியும்?"

அவள் தன்னை அப்படிச் சொல்லி அதற்குமுன் நான் கேட்டதில்லை.

ரிப் வழியாக இரண்டு தலைகளும் ஒன்றாக வெளியே வந்தன. ஒரு சட்டைக்கு இரண்டு தலை. சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே நின்றேன். பள்ளத்தாக்கு இல்லை. இருந்த இடத்தில் மேகம் விளிம்புவரை நிரம்பி, வெயிலில் வெளேரென்று அசைந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே மலைகளின் தலைகள் மட்டும், ஒன்றன்பின் ஒன்றாக, கண் போகும் தூரத்துக்கு. எத்தனை புத்தகத்தில் படித்திருந்தும் என்னிடம் அதற்கு ஒரு சொல் இல்லை.

"கடலு இங்க ஏறி வந்துருக்கு" என்றாள் எஸ்தர். அவள் கண்கள் நனைந்திருந்தன. எனக்கோ பையின் நினைவு வந்துவிட்டது.

அன்று தீபாவளி. கூடாரத்தைப் பிழிந்து விறகடுப்புப் பக்கம் காயப்போட்டு, மதியத்துக்கு மேல் கிளம்பிப் பழனிச் சாலையில் பாதி இறங்கினோம். ஒரு காப்பித் தோட்டக் களத்தில் தங்க இடம் கிடைத்தது. பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து வளைவில் போய் நின்றோம். கீழே சமவெளி முழுக்க இருட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று கடுகளவில் ஒரு சிவப்புப் பொறி. தள்ளி ஒரு பச்சை. பிறகு எண்ண முடியாதபடி, பழனியிலும் அதற்கப்பாலும், இருட்டில் ஊர் ஊராகப் பூத்து அணைந்தது. துளிச் சத்தமில்லை. மேலே ஏறிய வாணம் எங்கள் கால் மட்டத்துக்குக்கூட வராமல் உதிர்ந்தது. வானத்தைக் குனிந்து பார்ப்பது போலிருந்தது.

"திருப்பூரு எங்கங்க?"

"அந்தக் கடேசி வெளிச்சத்துக்கு அங்குட்டு. தெரியாது. ஊரே காலி, ஆரு பட்டாசு வெடிப்பாங்க?"

வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்தாள். "வெளக்கு எரியுத வீடெல்லாம் மத்தவங்களுது. அந்த இருட்டுல ஒரு எடம் நம்மளுது, என்ன?"

மறுநாள் காலை பழனி பஸ் நிலையத்தில் நிறுத்தச் சொன்னாள். பையோடு இறங்கினாள். மதுரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் அதைத் தாண்டிப்போய்த் தொலைபேசிக் கூண்டுக்குள் நுழைந்தாள். சொந்த ஊர்க் கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தாள். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தியிருக்கவில்லை; பேச்சு கேட்டது.

"அப்பா, தனியா வரலப்பா. வந்தா ரெண்டு பேருமாத்தான் வருவோம்... கோவமெல்லாம் இல்ல. நீங்க வேணா வாங்க. எங்க ஊடு கம்பெனிக்குப் பக்கத்துலதான் இருக்கு."

கூண்டிலிருந்து வெளியே வந்தாள். பையை என் முன்னால் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தாள். "போலாம்" என்றாள். தாராபுரம்வரை அவள் கன்னம் என் முதுகில் இருந்தது.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்து, ஒரு காலையில் அவள் அப்பா கருவாட்டுப் பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். "ஏ கல்வெட்டு, இத எழுதி வையிங்க" என்று உள்ளே ஓடினாள் எஸ்தர். எழுதி வைத்தேன். இப்போது அவர் இல்லை. பஸ் நிலையத்தில் தொலைபேசிக் கூண்டும் இல்லை. பூண்டுப் பாத்திகளில் வண்ண வண்ணமாய்க் கூடாரங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அலைபேசியில் முன்பதிவு செய்துவிட்டுப் போகவேண்டும். தீபாவளிக்குத் திருப்பூரும் காலியாவதில்லை. வடக்கே சொந்த ஊருக்குப் போக ரயில் கிடைக்காத தொழிலாளர்கள் வெடிக்கிற வெடி விடியவிடியக் கேட்கிறது.

போன வருஷத் தீபாவளிக்கு அதே வளைவில் வண்டியை நிறுத்தினோம். சமவெளி முழுக்க ஒரே வெளிச்சம்; சாலை விளக்கு எது, மத்தாப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லை. எஸ்தர் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு வடக்கே தேடினாள்.

"நம்ம எடம் எங்கங்க?"

கை நீட்டிக் காட்டினேன். எல்லாம் இருந்தது. அந்த இருட்டைத்தான் காணவில்லை.