மருந்து வைத்தவள்

முதல் நடுக்கம் கரும்பலகைக்கு முன்னால் வந்தது. ‘மயில்’ என்று எழுதப் போனவள் முதல் எழுத்தோடு நின்றுவிட்டேன். கையிலிருந்த சாக்குக்கட்டி பலகையில் தட்டிக்கொண்டே இருந்தது. நான் தட்டவில்லை. பிள்ளைகள் அதையும் பாடம் என்று எண்ணிக் கூடவே கைதட்டத் தொடங்கினார்கள்.

வெளியே நல்ல வெயில். வாசற்படியில் போய் உட்கார்ந்தேன். வெயில் தோலோடு நின்றுவிட்டது. குளிர் எலும்புக்குள்ளிருந்து வந்தது. பிறகு உடம்பு கொதித்தது, பிறகு வேர்த்துக் கொட்டியது. மாலையில் ஒன்றும் நடக்காதது போல எழுந்து பாத்திரம் துலக்கினேன். மறுநாள் பசித்தது, சிரித்தேன், கணக்குப் பாடம் நடத்தினேன். அதற்கு மறுநாள், பிள்ளைகள் ஒப்பிக்கும் அதே வேளையில், சாக்குக்கட்டி மறுபடி தட்டத் தொடங்கியது.

இதற்கு முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் காய்ச்சல்) என்று பெயர். மலைக்கு வேலைக்குப் போகும் யாருக்கும் இது வரலாம். அப்படிப் போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குப் போன ஊர் அந்தியூருக்கு வடக்கே, மலைமேல், ஜில்லாவின் ஓரத்தில் இருக்கிறது. வீடுகளில் பேசுவது கன்னடம். பள்ளிக்கூடம் மட்டும் தமிழ். நான் பல்லடம் பக்கம் பருத்திக்காட்டில் கூலி வேலை செய்யும் குடும்பத்துப் பெண். என் அப்பா இன்னமும் கைநாட்டுத்தான் வைக்கிறார். எங்கள் வீட்டில் எழுத்துக் கற்ற முதல் ஆள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

வேலை கொடுத்த அதிகாரி முதலிலேயே சொல்லிவிட்டார்: “இத பாரு அம்மணி, இதுக்கு முந்திப் போன வாத்தியாருங்க எல்லாரும் காய்ச்சலோட கீழ வந்துட்டாங்க. நீயும் அப்படி வந்தயின்னா மறுபடி மேல அனுப்ப மாட்டம். கீழயும் எடம் கெடையாது.”

“எனக்குக் காய்ச்சல் வராதுங்க,” என்றேன்.

அதனால் காய்ச்சல் வந்தபோது அதை ஒளிக்க வேண்டியிருந்தது. முறை வரும் நாட்களில் பிள்ளைகளை எழுத்து வேலையில் உட்கார்த்திவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் பல்லைக் கடித்திருப்பேன். மலையில் குளிர்கிறது என்று சொல்லிக்கொண்டேன். நம்பினார்களா என்று தெரியாது.

மலையில் எனக்கு எல்லாவற்றின் மேலும் சந்தேகம். ஓடைத் தண்ணீரின் மேல் சந்தேகம். கேட்காமலே கொண்டுவந்து வைக்கும் பலாச்சுளையின் மேல் சந்தேகம். வந்த நாளிலிருந்து யாரும் என்னை எந்தத் தெரு என்று கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் கொடுக்கும் முன் அதைத்தான் கேட்பார்கள். இங்கே கேட்காததே எனக்குச் சரியாகப் படவில்லை. எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நான் குடியிருந்தது மாதம்மா என்பவரின் வீட்டுப் பக்கத்து அறையில். கணவரை இழந்தவர். ஒரே மகள் சிவம்மா, என்னிடம் இரண்டாம் வகுப்புப் படித்தாள். மாதம்மா எனக்கு ராகிக் களியும், மாலையில் வெல்லம் போட்ட எருமைப் பாலும் தருவார். வியாபாரத்துக்கு வரும் கீழ்நாட்டாரோடு பேசிப் பழகிய தமிழ் அவருக்கு உண்டு. ஆனால் எந்த வார்த்தை எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

மலையில் மூங்கில் ஏற்ற வரும் வண்டிக்காரர் ரங்கசாமி அண்ணனிடம் ரகசியமாகச் சொல்லி, அந்தியூரிலிருந்து கொயினா (மலைக்காய்ச்சலுக்குத் தரும் கசப்புத் தூள்) வாங்கி வரச் செய்தேன். “யாருகிட்டயும் சொல்லாதீங்கண்ணா,” என்றேன். “நான் எதுக்குங்க சொல்றேன்,” என்றார்.

தூளை வாழைப்பழத்தில் பொதிந்து விழுங்கினேன். காய்ச்சல் சற்று மட்டுப்பட்டது. ஆனால் காதுக்குள் வண்டு புகுந்தது போல ஓர் இரைச்சல் தொடங்கியது. அதே நாட்களில் மாலைப் பாலும் கசக்கத் தொடங்கியது. எத்தனை வெல்லம் இருந்தாலும் அடிநாக்கில் அந்தக் கசப்பு நின்றது.

“பால் ஏனுங்க கசக்குது?” என்று மாதம்மாவிடம் கேட்டேன்.

“எருமெ கசப்புத் தழெ தின்னுபோட்டுது டீச்சரே.”

அன்று முழுவதும் அந்த எருமை கொட்டிலில் கட்டிக்கிடந்து ராகித்தாள் தின்றதை நான் பார்த்திருந்தேன்.

இரைச்சல் கூடக் கூட, வெளிச்சத்தம் குறைந்தது. சிவம்மா எழுந்து வாசிப்பாள். உதடு மட்டும் அசையும். பின்வரிசையில் யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். ஒரு நாள் கேள்வி கேட்டுவிட்டு, பதில் வரவில்லையே என்று ஒருத்தியை அதட்டினேன். அவள் மூன்று தரம் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். காய்ச்சலைக் கம்பளிக்குள் மறைக்கலாம். காது கேட்காத வாத்தியாரை எதைக் கொண்டு மறைப்பது?

அந்த வாரத்தில்தான் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. வாசலில் ரங்கசாமி அண்ணனுடன் மாதம்மா பேசிக்கொண்டிருந்தார். மலைக்காரர்களுக்கு உரத்த குரல். என் காதின் இரைச்சலையும் தாண்டி வந்தது.

“டீச்சருக்கு மருந்து வெச்சிருக்கேன். பால்லெ. அவுங்களுக்குத் தெரியாது.”

வண்டிக்காரர் சிரித்தார்.

எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருந்து கொடுப்பது வேறு, மருந்து வைப்பது வேறு. கொடுப்பது பிழைக்க. வைப்பது ஆளை வசப்படுத்தவோ, உருக்கிக் கொல்லவோ சோற்றில் ரகசியமாகக் கலப்பது. எங்கள் ஊரில் ஒரு பெண் காரணமில்லாமல் மெலிந்தால் முதலில் கேட்பது, யார் வீட்டில் சாப்பிட்டாள் என்பதுதான். பள்ளிக்கூடத்தில் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று படித்தவள்தான் நான். வயிற்றுக்குள் கசப்பு இருக்கும்போது படிப்பு உதவிக்கு வரவில்லை.

அன்று முதல் பாலைக் கொல்லையில் ஊற்றினேன். களியையும் தொடவில்லை. நானே கஞ்சி காய்ச்சிக் குடித்தேன். கொயினாவையும் நிறுத்தினேன். வண்டிக்காரர் சிரித்தாரே, அவர் கொண்டுவந்த தூளை எப்படி நம்புவது?

அடுத்த முறையில் காய்ச்சல் முன்னைவிடப் பலமாக வந்தது. அதற்கு அடுத்த முறையில் நாற்காலியிலிருந்து விழுந்தேன். கண் விழித்தபோது ரங்கசாமி அண்ணனின் வண்டியில் வைக்கோல்மேல் கிடந்தேன். வண்டி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. “என்னைத் திருப்பி மேலே கொண்டுபோங்க,” என்று சொன்னதாக நினைவு. அவர் ஏதோ பதில் சொன்னார். முதுகைத்தான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை.

கோபிச்செட்டிப்பாளையத்தில் தர்மாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லேடி டாக்டர் விரல் நுனியில் குத்தி, இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்துப் போனார். இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். மண்ணீரல் (இரத்தத்தைச் சுத்தம் செய்யும் உறுப்பு) வீங்கியிருந்தது. நான் உதட்டையே பார்ப்பதைக் கவனித்து, ஒரு சிலேட்டு கொண்டுவரச் சொல்லிப் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘கொயினா எவ்வளவு தின்றாய்?’

பிள்ளைகளுக்குச் சிலேட்டில் எழுதிக் காட்டியவள் நான். எனக்கு ஒருவர் எழுதிக் காட்டியது அதுதான் முதல் தடவை. கண்ணில் நீர் வந்தது. காய்ச்சலால் என்று நினைத்திருப்பார். நான் அளவைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. ‘அந்த அளவுக்குக் காது இப்படி ஆகாது’ என்று எழுதினார்.

என் சந்தேகம் உறுதியானது.

அம்மா பல்லடத்திலிருந்து வந்து சேர்ந்தாள். அதற்குள் வலது காது கொஞ்சம் திறந்திருந்தது. பால் கசந்ததையும், கேட்ட பேச்சையும் அவளிடம் சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

“மருந்து வெச்சுபோட்டாங்க கண்ணு. எனக்கு அப்பவே தெரியும். நம்மூர்ப் பக்கத்துல ஒருத்தரு இருக்காரு. வயித்துல கொழாய வெச்சு உறிஞ்சி எடுத்துருவாரு. எந்திரி, போலாம்.”

“டாக்டர் விட மாட்டாங்கம்மா. சொல்லாமப் போனா சர்ட்டிபிகேட்டுக் குடுக்க மாட்டாங்க. வேலை போயிரும்.”

“உசுரு போனா வேல எதுக்கு சாமி?”

டாக்டர் தரும் தூளும் வெள்ளை, அதுவும் கசப்பு. போய்விடலாம் என்று பாதி மனம் சொன்னது.

மறுநாள் மாதம்மாவே வந்து நின்றார். ரங்கசாமி அண்ணனின் வண்டியில், என் புடவைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு. அம்மா எழுந்து அவர் முன் போய் நின்றாள். கொலைகாரியாக இருந்தாலும் கொங்குநாட்டில் மரியாதை குறையாமல்தான் கேட்போம்.

“ஏனுங்க, எம்புள்ளைக்கு நீங்க மருந்து வெச்சீங்களா?”

“ஆமா, வெச்சேன்,” என்றார் மாதம்மா. “தினமும் வெச்சேன்.”

பக்கத்துக் கட்டில்காரி தன் கஞ்சிச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அம்மா மாதம்மாவின் முந்தானையைப் பிடித்துவிட்டாள். “கேட்டீங்களா, கேட்டீங்களா,” என்று வார்டுக்கே சொன்னாள். சத்தம் கேட்டு டாக்டர் வந்தார்.

“என்ன வைத்தாய்?” என்று டாக்டர் கேட்டார்.

மாதம்மா முந்தானையை அம்மாவின் கையிலிருந்து மெல்ல விடுவித்து, அதன் முடிச்சை அவிழ்த்தார். ஒரு காகிதப் பொட்டலம். நான் வாங்கிய பொட்டலம் போலவே மடித்திருந்தது. டாக்டர் தூளைத் தொட்டு நாக்கில் வைத்தார். முகத்தைச் சுளித்தார்.

“கொயினா.”

எல்லாரும் வாசலில் நின்ற ரங்கசாமி அண்ணனைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

“டீச்சரம்மாவும் வாங்கியாரச் சொன்னாங்க. இவங்களும் டீச்சருக்குன்னு வாங்கியாரச் சொன்னாங்க. ரெண்டு பேரும் யாருகிட்டயும் சொல்லாதேன்னாங்க. நான் சொல்லலீங்க.”

விஷயம் இதுதான். என் கம்பளி மாதம்மாவை ஏமாற்றவில்லை. எனக்கு முன்பிருந்த வாத்தியார் கொயினாவைக் கொல்லையில் கொட்டிவிட்டு, காய்ச்சல் முற்றிக் கீழே போனவர் திரும்பவே இல்லை. நானும் அப்படித்தான் செய்வேன் என்று எண்ணிப் பாலில் கலந்திருக்கிறார். நான் தின்றது ஒரு பங்கு, அவர் வைத்தது இன்னொரு பங்கு. அளவு மீறிய கொயினா காதை அடைத்திருக்கிறது. சந்தேகப்பட்டு இரண்டையும் நிறுத்தியதும் காய்ச்சல் தலைக்கு மேலே போய்விட்டது.

“மருந்து கொடுத்தேன் என்று சொல்லவேண்டும் அம்மா,” என்றார் டாக்டர். “வைத்தேன் என்றால் தமிழில் வேறு அர்த்தம்.”

மாதம்மா கொஞ்சம் யோசித்தார். “குடுத்தா அவுங்க வாங்கோணுமல்ல? இவுங்க வாங்க மாட்டாங்களே. வாங்காதவுங்களுக்கு வெக்கத்தானே முடியும்?”

டாக்டர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலில் ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன், இருந்தது. என் வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதை என்னைக் கேட்காமல் ஒருவர் தீர்மானித்திருந்தார். அன்பினால் என்றாலும் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. “எதுக்குங்க இப்படிப் பண்ணினீங்க?” என்று கேட்டேன்.

“சிவம்மாவுக்கு இன்னும் ரெண்டாம் புஸ்தகம் முடியலெ,” என்றார். “நீங்களும் போயிட்டா யாரு முடிச்சுக் குடுப்பா?”

அம்மா இன்றுவரை முழுதாக நம்பவில்லை. “கசந்ததெல்லாம் கொயினாவா?” என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

குணமாவது நாம் நினைப்பது போல நேர்க்கோட்டில் நடக்காது. காய்ச்சல் நின்ற பிறகும் முறை வேளையில் உடம்பு எதையோ எதிர்பார்த்துப் படுத்திருக்கும். வராதபோது நிம்மதி வருவதில்லை. நாளைக்கு ஒளித்து வைத்திருக்கிறதோ என்றுதான் தோன்றும். சோறு ருசிக்கவும் நாளாயிற்று. கண்ணாடியில் மஞ்சள் பூத்த ஒரு முகம் இருந்தது. இதே நிலையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். ஆனால் சாப்பிடும் மருந்தின் அளவை டாக்டரிடம் மறைக்க வேண்டாம். வீட்டாரிடமும் மறைக்க வேண்டாம்.

சர்ட்டிபிகேட்டுக்காக டாக்டர் என் காதைச் சோதித்தார். முதுகுக்குப் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் ஊர்ப்பெயர்களைச் சொல்வார். நான் திருப்பிச் சொல்லவேண்டும். வலது பக்கம் நின்றபோது எல்லாம் சொன்னேன். இடது பக்கம் நின்றபோது அவர் பேசத் தொடங்கினாரா என்பதே தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியில் அவர் உதடு தெரிகிறதா என்று கண்ணை ஓட்டினேன். அவர் வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போய் மறுபடி நின்றார்.

“இடது காது முழுதாகத் திரும்பாமல் போகலாம்,” என்றார் பிறகு. “அப்படித்தான் எழுதுவேன். வலது காது நன்றாக இருக்கிறது, பாடம் நடத்தலாம் என்றும் எழுதுவேன். அப்புறம் அவர்கள் பாடு.”

அதிகாரி அந்தச் சர்ட்டிபிகேட்டை இரண்டு தடவை படித்தார். “முந்தி வந்தவங்க காய்ச்சக்காரங்க. இப்ப வந்தது ஒரு செவிடியா?” என்றார்.

“ஒரு காது கேக்குதுங்க. அந்த மலைக்குப் போக ரெண்டு காதும் கேக்கறவங்க யாராவது இருந்தா அனுப்பிக்குங்க,” என்றேன்.

யாரும் இல்லை. வருஷக் கடைசியில் பரீட்சை பார்க்கத் தானே வருவதாகவும், அதுவரை பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மறுபடி மலைக்கு வந்தேன். டாக்டர் சொன்ன அளவுக்குக் கொயினாவை மாதம்மாவுக்கு எதிரிலேயே விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டுகிறேன். அவரும் பாலை என் எதிரில்தான் காய்ச்சுகிறார். எங்களுக்குள் அன்பு இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த உடம்பு முன்பு எனக்கு ஒரு கருவி போல இருந்தது, சொன்னதைச் செய்தது. இப்போது அதற்கு ஒரு பக்கம் வந்துவிட்டது. பிள்ளைகள் ஒப்பிக்க வலப்புறம் வந்து நிற்கிறார்கள். இடப்புறம் நிற்பவர்கள் எனக்குத் தூரத்து ஊர்க்காரர்கள். காலமும் மாறிவிட்டது. கிழமைகள் எனக்கு இல்லை. முறை நாள், விட்ட நாள் என்ற இரண்டு நாட்கள்தான் மாறி மாறி வருகின்றன. யாராவது நாளை மறுநாள் என்ன செய்யலாம் என்றால் முதலில் விலாவுக்குக் கீழே கையை வைத்துப் பார்க்கிறேன்.

வருஷக் கடைசியில் அதிகாரி வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று எனக்கு இன்னும் சந்தேகம்: என் இடப்பக்கம் வந்து நின்றுகொண்டு, கரும்பலகையைப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டிருக்கிறார். வகுப்பில் எல்லாருடைய கண்ணும் என்மேல் இருந்தது. முன்பென்றால் உதட்டைத் தேடியிருப்பேன். எதையாவது ஊகித்துப் பதில் சொல்லியிருப்பேன். நான் திரும்பவில்லை.

“இந்தப் பக்கம் வந்து கேளுங்க,” என்றேன்.

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். சிவம்மாவை வாசிக்கச் சொன்னார். அவள் இரண்டாம் புத்தகத்தின் கடைசிப் பாடத்தை நிறுத்தாமல் வாசித்தாள். எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

அவர் போன பிறகு, மதியமும் கடந்த பிறகுதான், அது முறை நாளா விட்ட நாளா என்று எண்ணிப் பார்த்தேன்.