பச்சமுத்துவின் ஈஸ்டும் என் சுண்ணாம்பும்

பச்சமுத்து எனக்கு நூறு ரூபாய் கடன்பட்டிருந்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில், மதுவிலக்கு வந்து சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடியபோது, கடையிழந்து நின்றவனுக்கு நான்தான் கொடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். திருச்செங்கோட்டுப் பக்கம் சொந்தமாக நான்கு வெல்ல ஆலை வைத்திருந்தேன். நூறு ரூபாயை முழுசாக எடுத்துக் கொடுக்க அந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் ஏது?

ஜெர்மன் சண்டை வந்தது. பட்டாளத்துக்கு வைட்டமின் மாத்திரை செய்ய, சென்னை மருந்துக் கம்பெனி ஒன்று ஈஸ்ட் மாவு தேடியது. கள்ளை நுரைக்க வைக்கும், கண்ணுக்குத் தெரியாத உயிர்தான் ஈஸ்ட். பச்சமுத்து வெல்லத்தை நீர்க்கக் கரைத்து, தொட்டியில் அதை வளர்த்தான். சாராயமாகிவிடாமல் இருக்க நாள் முழுக்கத் துருத்தியால் காற்று ஊதினான். படிந்த வண்டலைப் பச்சைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மாவாக்கி அனுப்பினான். மாதம் இரண்டு மூட்டை. ஓட்டு வீடு கட்டினான். சைக்கிள் வாங்கினான். சந்தையில் ஜனங்கள் என்னைத் தாண்டிப் போய் அவனைக் கும்பிட்டார்கள்! இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

பணத்தோடு வந்தான்.

"ஏனுங்கண்ணா, உங்க நூறு ரூவாய வாங்கிக்கோங்க."

"இருக்கட்டும் போடா. உன்ற காசுலதான் எங்கூட்ல அடுப்பெரியுதா?"

மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். அவன் கடன்காரனாக இருக்கும்வரை நான் ஒரு படி மேலே அல்லவா!

பிறகு இரண்டு ஆலைகளை அடகு வைத்து நானும் தொட்டி கட்டினேன். அவன் இரண்டு மூட்டை என்றால் நான் பத்து. வண்டல் பழுப்பாக இருந்தது. கரும்புச்சாற்றில் அழுக்கெடுக்க முப்பது வருஷம் சுண்ணாம்பு போட்டவன், சும்மா இருப்பேனா? சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டேன். மாவு வெளுத்து வந்தது.

தீட்டிய அரிசி மட்டும் தின்று, வைட்டமின் இல்லாமல் கழுத்து திருகி விழுந்த புறாவுக்குக் கொடுத்துத்தான் கம்பெனியில் மாவைச் சோதிப்பார்களாம். பச்சமுத்துவின் மாவு தின்ற புறா எழுந்து நடந்தது. என் மாவு தின்றது செத்தது. பத்து மூட்டையும் சங்ககிரி ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தன.

தன் மூட்டையை ரயிலேற்ற வந்த பச்சமுத்து, என் மாவில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தான்.

"சுண்ணாம்பு போட்டீங்களாண்ணா?"

"பின்னே? அழுக்கோடவா அனுப்புவாங்க?"

"சுண்ணாம்புல கொதிச்சா வைட்டமின் செத்துப் போயிருமுங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லீங்க?"

உன்னைக் கேட்பதா என்று வாய்வரை வந்தது. ஆனால் மூட்டைகளுக்கு ரயில் கூலி கட்டக்கூட என் மடியில் காசில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ரசீதோடு நின்றார்.

பச்சமுத்து இடுப்புப் பையை அவிழ்த்தான்.

"இப்பவாச்சும் வாங்கிக்கோங்கண்ணா."

கையை விரித்தேன். கூலியாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, பத்து ரூபாய் நோட்டுகள் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான்.