தவராணி: கண்ணாடி அறைக்குள் இருந்த டீசல் மெக்கானிக்

நவம் அண்ணனின் அழைப்பு வந்தபோது நான் மட்டக்களப்புக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். மடியில் தவராணிக்காகக் காய்ச்சிய கஞ்சி. நவம் அண்ணன் எங்கள் வேலைத்தலத்தில் பெரிய வாகனங்களின் பிரிவுக்கு ஃபோர்மன். வேலை தொடங்கும் நேரத்தில் யாரையும் சும்மா கூப்பிடுகிறவர் அல்ல. எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். ஏறாவூர் வந்துவிட்டது என்றேன்.

"இறங்கிக்க புள்ள. தவராணி போயிட்டா."

இறங்கினேன். வைத்தியசாலைக்குப் போகும் பஸ் ஒரு பக்கம், வீட்டுக்குத் திரும்பும் பஸ் மறுபக்கம். எதில் ஏறுவதென்று தெரியாமல் அந்தத் தரிப்பிடத்தில் நின்றேன். காய்ச்சல் என்று படுத்தவள் ஒரு கிழமைக்குள் போய்விட்டாள். வயது நாற்பதைத் தொடவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வெளியிடும் இந்தச் சிறு புத்தகத்துக்கு ஏதாவது எழுதித் தரும்படி அவளுடைய கணவர் குமார் கேட்டார். "நல்லதா மட்டும் எழுதாதீங்க. நடந்தத எழுதுங்க" என்றார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். நாங்கள் வேலை செய்த வாகன நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். தவராணியை அவர் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் நாங்கள் ஒரே வயதுக்காரிகள், ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் என்று எழுதினால் அவளே சிரிப்பாள்.

நான் வாழைச்சேனைக் கிளையின் வரவேற்பு மேசைக்குச் சேர்ந்தேன். அவள் டீசல் இயந்திரத் தொழில்நுட்பவியலாளராகச் சேர்ந்தாள். கல்குடாவில் கடலுக்குப் போகும் குடும்பம். தொழில்நுட்பக் கல்லூரியில் அவளோடு படித்தவர்கள் எல்லோரும் ஆண்கள். முதல் நாள் நீல நிற மேலங்கியோடு வந்து நின்றவளை முகாமையாளர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் அறையைக் கவனிக்கச் சொன்னார். கவனிப்பது என்றால் தேநீர் கொடுப்பது. ஒரு கிழமை கொடுத்தாள். அடுத்த கிழமை அவருடைய அறைக்குப் போய், எனக்கும் கேட்கும்படி சொன்னாள்: "தேத்தண்ணி ஊத்துறதுக்கு நான் மூணு வருசம் படிக்கல்ல சேர்."

அதன்பிறகு நவம் அண்ணனிடம் விட்டார்கள். அந்தக் கொஞ்சக் காலம்தான் அவள் அங்கே நினைத்த வேலையைச் செய்தது. லொறிக்கு அடியில் படுத்திருப்பாள். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது முழங்கைவரை கறுப்பாக இருக்கும். சவர்க்காரம் போட்டும் போகாத கறுப்பு. அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுவாள். எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பிறகு, அவளுடைய கைகள் வருடக்கணக்காகச் சுத்தமாக இருந்த நாட்களில், விளங்கியது.

எங்கள் பக்கத்தில் பெண்கள் ஸ்கூட்டி ஓடத் தொடங்கிய காலம் அது. ஓட்டமாவடியில் ஆசிரியைகளும் தாதிமாரும் பர்தாவோடு ஸ்கூட்டியில் போனார்கள். பழுது பார்க்கக் கொண்டுவந்து விடும்போது ஆண்களுக்கு நடுவில் நிற்கக் கூச்சப்பட்டார்கள். முகாமையாளருக்கு ஒரு யோசனை வந்தது. முற்றத்தின் ஒரு மூலையில் கண்ணாடி அறை கட்டினார்கள். சுவருக்கு ரோஸ் நிறம் அடித்தார்கள். பெண்கள் பிரிவு என்று பலகை வைத்தார்கள். அதற்குப் பொறுப்பாளர் தவராணி.

நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். பதவி உயர்வுதானே. குமார் வீட்டில் பால்சோறு பொங்கி அனுப்பினார். ஆறு மாதம் இருந்து பிரிவை நிலைநிறுத்திவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பலாம் என்று தவராணி நினைத்தாள். முகாமையாளரும் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஆறு மாதம் கழிந்து கேட்டாள். பெண்கள் உங்களை நம்பி வருகிறார்கள், இப்போது விட்டுப் போனால் பிரிவே படுத்துவிடும் என்றார். அடுத்த வருடமும் கேட்டாள். அடுத்த வருடமும் பாராட்டினார்.

கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் பார்வையாளர்கள் வருவார்கள். யார் வந்தாலும் அந்த அறைதான் முதலில் காட்டப்படும். ஒரு தடவை படம் எடுக்க வந்தவர்கள் அவள் கையில் புத்தம்புதிய பெரிய ஸ்பேனர் ஒன்றைக் கொடுத்தார்கள். படம் நன்றாக வந்தது. சந்தியில் பெரிய விளம்பரப் பலகையில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். கல்குடாவிலிருந்து வேலைக்கு வரும் வழியில் ஒவ்வொரு நாளும் அதற்குக் கீழால் வரவேண்டும். "அந்த ஸ்பேனர் லொறிச் சில்லுக்குரியது பரீனா" என்றாள். "ஸ்கூட்டியில அதப் போடுறதுக்கு ஒரு இடமும் இல்ல. ஒருத்தரும் கேக்கல்ல பாத்தியா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முற்றம், முற்றத்துக்கு அப்பால் பெரிய வாகனங்கள் நிற்கும் கொட்டில். ஸ்கூட்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருப்பாள். அங்கே ஏதாவது ஒரு இயந்திரம் சத்தம் மாறி ஓடினால் கை நின்றுவிடும். தலையைச் சரித்துக் கேட்பாள். பிறகு மறுபடி குனிந்துகொள்வாள். என் மேசையிலிருந்து அதைப் பார்க்கப் பிடிக்காமல் நான் கதிரையைத் திருப்பிப் போட்டேன்.

தலைமை அலுவலகம் டீசல் பம்ப் வேலைக்கு மூன்று மாதப் பயிற்சி ஒன்றை அறிவித்தது. எங்கள் கிளைக்கு ஓர் இடம். தவராணி விண்ணப்பித்தாள். குடும்பப் பெண் கொழும்பில் எங்கே தங்குவீர்கள் என்று முகாமையாளர் கேட்டார். அடுத்த கிழமை போய், வத்தளையில் பெரியம்மா வீட்டில் தங்க ஏற்பாடு செய்துவிட்டேன் என்றாள். வீட்டில் சம்மதமா என்றார். குமாரையே கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். குமார் அதிகம் பேசமாட்டார். "அவ போகட்டும் சேர், மகள நான் பாத்துக்குவன்" என்று மட்டும் சொன்னார். அப்போது முகாமையாளர் சிரித்தார். எல்லாம் சரிதான், ஆனால் இந்தப் பிரிவை யார் பார்ப்பது என்றார். அவளுக்குப் பின்னால் சேர்ந்த ஒரு பையன் போனான். திரும்பி வந்ததும் சந்தேகம் வரும் நேரமெல்லாம் கண்ணாடி அறைக் கதவைத் தட்டி அவளிடம்தான் கேட்டான். அவள் ஒரு நாளும் சொல்லாமல் விடவில்லை. நான் கோபப்பட்டபோது, "அவனும் கேக்காட்டி நான் எல்லாத்தையும் மறந்திருவன் கா" என்றாள்.

ஓர் அறுவடைக் காலத்தில் நடந்ததை நான் நேரில் பார்த்தேன். ஓட்டமாவடிக்கு அப்பால் ஒரு வயல் வட்டையில் நெல் வெட்டும் மெசின் நின்றுவிட்டது. வானம் கறுத்திருந்தது. நவம் அண்ணனும் மற்றவர்களும் பொலன்னறுவைப் பக்கம் ஒரு வேலையில். முகாமையாளர் விடுமுறை. காணிக்காரர் என் மேசைக்கு முன்னால் நின்று தலையில் கைவைத்தார். நான் நவம் அண்ணனுக்கு அழைத்தேன். "தவராணிய அனுப்பு, நான் சொன்னதா அனுப்பு" என்றார்.

ஆள் வரும் என்று சொல்லிக் காணிக்காரரை முன்னால் அனுப்பிவிட்டு, வழி தெரியும் என்பதால் நானும் போனேன். என் ஸ்கூட்டியில் இருவரும், அவள் மடியில் சாமான் பெட்டி. வரம்பில் இறங்கி நடந்தோம். எங்களைப் பார்த்ததும் காணிக்காரர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார்.

"ஆம்புள ஆரும் வரல்லயா மகள்?"

"இரிக்காங்க வாப்பா. நாளைக்கு வருவாங்க" என்றாள் தவராணி. "மழ இண்டைக்கு வந்திரும்."

அவர் ஒதுங்கினார். அவள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு மெசினில் ஏறினாள். மேலங்கி கண்ணாடி அறைக்குத் தேவையில்லை என்று எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். டீசல் வடிகட்டியில் தண்ணீர் கலந்திருந்தது. அதை வடித்துத் துடைத்தாள். குழாய்க்குள் காற்றுப் பிடித்திருந்தது. ஓர் ஆணியைத் தளர்த்தி, கைப்பம்பை அமத்தி அமத்திக் குமிழி நிற்கும்வரை டீசலை வெளியே விட்டாள். மெசின் இருமியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. அவள் இறங்கவில்லை. அது ஓடுவதைக் கேட்டுக்கொண்டு மேலேயே உட்கார்ந்திருந்தாள். முதல் துளி விழுந்தபோது கடைசி வயலில் மெசின் திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி வரும்போது பாதி வழியில் ஸ்கூட்டியை நிற்பாட்டச் சொன்னாள். வாவிக் கரையில் மழையில் நனைந்துகொண்டு நின்று, கைகளைக் கழுவட்டுமா விடட்டுமா என்று என்னைக் கேட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை.

கெடுதி செய்தவர் காணிக்காரர்தான். பாவம், அவருக்கு அது தெரியாது. அடுத்த கிழமை ஒரு தட்டம் பழத்தோடு வந்தார். இனி என் மெசினுக்கு அந்தப் புள்ளையை அனுப்புங்கள் என்று முகாமையாளரிடம் எல்லோருக்கும் முன்னால் சொன்னார். அவர் போனதும் விசாரணை. யாரைக் கேட்டு வெளியே போனாய், வயலில் உனக்கு ஏதாவது நடந்திருந்தால் யார் பொறுப்பு, உன் பிரிவை அரை நாள் பூட்டிவைத்தது யார்? நவம் அண்ணன் அனுப்பச் சொன்னார் என்று நான் சொன்னேன். நவம் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. நிலத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து புதிய ஒழுங்கு: பெண்கள் பிரிவில் இருப்பவர் வேலை நேரத்தில் அந்த அறையை விட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது. அவளுடைய பாதுகாப்புக்காக என்றார்கள்.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று மரண வீட்டில் பலர் கேட்டார்கள். போகப் பார்த்தாள். வேறு கம்பனிகளில் கேட்டாள். உங்களிடம்தான் நல்ல பெண்கள் பிரிவு இருக்கிறதாமே, அதே போல ஒன்று நாங்களும் தொடங்கப் போகிறோம், வாருங்கள் என்றார்கள். சொந்தமாகக் கராஜ் போடலாம் என்று கல்குடாச் சந்திப் பக்கம் ஒரு கொட்டில் பார்த்தாள். கணவனை வரச் சொல்லுங்கள் என்றார் சொந்தக்காரர். குமார் போனார். "நீங்கதான் மெக்கானிக்கா தம்பி?" என்று அவர் கேட்க, "நான் மீன் பிடிக்கிறவன். மெக்கானிக் இவ" என்றிருக்கிறார் குமார். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் கடைசிவரை சொல்லவேயில்லை. அந்தக் கொட்டிலில் இப்போது கோழிக்கடை.

நான் கடைசியாக அவளோடு பேசியது வைத்தியசாலையில். கண்கள் சிவந்திருந்தன. மகள் பதினோராம் ஆண்டுச் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறாள், அதற்குப் பிறகு வாகனத் தொழில்நுட்பம் படிக்க ஆசை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அதைத்தான் தவராணி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டேன்.

"வேணாம் எண்டு வாய்வரைக்கும் வந்தது பரீனா. முழுங்கிற்றன்." கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தாள். "படி எண்டும் சொல்லல்ல. ரெண்டும் சொல்ல ஏலாமக் கிடக்கு."

பிறகு தூங்கிவிட்டாள். நான் வீட்டுக்கு வந்தேன்.

மரண வீட்டில் நவம் அண்ணன் ஒரு மூலையில் இருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "அண்டைக்கு நான் வாயத் திறந்திருக்கோணும் புள்ள" என்றார். ஓம் என்றேன். மகள் அவருக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கி, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

போன கிழமை முகாமையாளர் என்னைக் கூப்பிட்டார். தவராணியின் இழப்பு நிறுவனத்துக்கே இழப்பு என்றார். ஆனாலும் அந்தப் பிரிவை மூட முடியாது, பெண்கள் வருகிறார்கள். எனக்கு வேலை தெரியாவிட்டால் பிரச்சினையில்லையாம். பின்னால் இரண்டு பையன்கள் பழுது பார்ப்பார்கள். அறைக்குள் ஒரு பெண் இருந்தால் போதும். சம்பளம் கூடும், பதவியும் உண்டு. வரவேற்பு மேசைக்கு வேறு ஆள் எடுக்க ஏற்கெனவே சொல்லிவிட்டார். "உங்களக் கேக்காமச் செஞ்சிற்றன். பரவாயில்லத்தானே?" என்றார்.

அவர் எங்களிடம் எப்போதும் அப்படித்தான் முடிப்பார். நாங்கள் எல்லோரும் பரவாயில்லை சேர் என்று சொல்லிவிட்டு வெளியே வருவோம். இத்தனை வருடத்தில் அந்த வார்த்தையைச் சொல்லாத ஒரே ஆள் தவராணி. பயிற்சி இல்லை என்ற அன்றும், அறையை விட்டுப் போகக்கூடாது என்ற அன்றும் அவர் கேட்டார். அவள் சண்டை பிடிக்கவில்லை, அழவில்லை. பரவாயில்லை என்று மட்டும் சொல்லவில்லை. பதில் இல்லாமல் அந்தக் கேள்வி அறைக்குள் கிடக்க, அவரைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். அவளுக்குத் தெரிந்த வேலை எனக்குத் தெரியாது, அவளுடைய காதும் எனக்கு இல்லை. மறுநாளும் நான் அந்த வாசலுக்குள்தான் போகவேண்டியிருந்தது. என்னை எந்த மேசையில் இருத்துவார்கள் என்று இதை எழுதும்போதும் எனக்குத் தெரியாது.

"என்ன பரீனா, பரவாயில்லத்தானே?" என்று முகாமையாளர் அன்று இன்னொரு தடவை கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் கண்ணைத் தாழ்த்தி மேசையைப் பார்க்கும்வரை நின்றேன்.