ஜீப் ஓட்டுநரின் துக்கம்

போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் அந்த ஓட்டுநரை ஒருமுறைதான், அவருடைய ஜீப்பில் நானும் போனபோது, சந்தித்தேன். மெலிந்தவர், மீசையில் நரை. ஜீப்பை எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் நகரவில்லை.

அன்று காலை மலைப்பாதையில் அவருடைய கைப்பேசி ஓயாமல் ஒலித்தது. ஓரங்கட்டி, கல் வைத்து, செய்தியைப் படித்தவர் அழுதுவிட்டார். தாமதமானால் தோட்டத்தில் அன்றைய வேலை கிடைக்காது என்று ஜீப்பில் இருந்த வேலைக்காரப் பெண்கள் பதறினார்கள். துக்கத்தில் இருப்பவரை ஓட்டச் சொல்வது சரியா என்று எனக்கும் தெரியவில்லை.

"யாருக்கு அப்பு கேதம்? வண்டியத் திருப்பப் போறியா?" என்றார் மூத்த பெண்.

"சொந்தமில்ல ஆத்தா. நான் விளையாடுற வீடியோ கேம் கம்பெனிய நடத்துன பெரியவரு எறந்துட்டாரு. கூட விளையாடுற கூட்டாளிக பூராம் அழுது மெசேஜ் போடுறாய்ங்க."

"மொகம் பாத்திருக்கியா?"

"போட்டோவுலதான். ஒத்தையில கெடந்தப்ப அவரு விளையாட்டுதான் எனக்குத் தொணை."

"அப்பக் கேதந்தான். அழுதுட்டு வெரசா வா, எங்க சோலி போயிரும்."

யாரும் சிரிக்கவில்லை. ஓட்டுநர் முகம் கழுவி வந்து, கைப்பேசியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். "எறங்குற வரைக்கும் நான் கேட்டாலும் குடுக்காத ஆத்தா."

அதன்பின் வளைவுகளில் எனக்கு அச்சமில்லை. வேலை தொடங்குமுன் சேர்ந்துவிட்டோம்.

இறங்கியதும் அந்தப் பெண் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். "இந்தா அப்பு. இப்ப ஒக்காந்து நல்லா அழு."

ஓட்டுநர் அழுதாரா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது சக்கரத்தில் சாய்ந்து அமர்ந்து, முகம் தெளிந்து, எதையோ படித்துக்கொண்டிருந்தார்.