எல்கடுவையிலிருந்து வந்த வெள்ளைக்காரப் படை

ஜூலை மாதக் கடைசிச் சனிக்கிழமை, காலை 5.40. வவுனியாவில் கண்டி பஸ் ஏறினேன். யன்னலோரம் கிடைத்தது. அந்த யன்னல் பூட்டாது என்பது மதவாச்சியைத் தாண்டிய பிறகுதான் தெரிந்தது. சோளகக் காற்றுக்குத் துவாயைத் தலையில் சுற்றிக்கொண்டு, காய்ச்சலோடு பரியாரியிடம் மருந்துக்குப் போகிற ஆள்மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

நான் போகவேண்டிய மாத்தளைக்கும் அந்த பஸ் நேரே போகும். இருந்தாலும் 8.20க்குத் தம்புள்ளையில் இறங்கினேன். நான் முப்பத்தொரு வருடம் வரலாறு படிப்பித்தவன். 1848 ஜூலையில் வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கிளம்பிய கூட்டம் இந்தத் தம்புள்ளை விகாரையில்தான் தங்களுக்கென்று ஓர் அரசனுக்கு முடி சூட்டியது. நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, கடைக்கு வரி, வரி கட்டாதவன் ரோட்டில் இறங்கி வேலை செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம். சனம் எத்தனை நாளைக்குத்தான் பொறுக்கும்? இங்கிருந்து தெற்கே இறங்கி மாத்தளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், புகுந்து வரிப் பதிவேடுகளை அழித்தார்கள். பிறகு வாரியப்பொலவில் படை வந்து மறித்தது. வகுப்பில் இதை நான் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். ஒருநாளாவது அவர்கள் போன பாதையைப் பார்க்கவேண்டும் என்று ஓய்வுபெற்ற பிறகுதான் ஆசை வந்தது.

ஆசை மட்டுமில்லை, ஓர் அழைப்பும் இருந்தது. ஆசிரியர் கலாசாலையில் என்னிடம் படித்த சுகந்தி இப்போது எல்கடுவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறாள். மாத்தளையில் வருடாவருடம் இந்தப் போரை ஐந்து பாடசாலைகள் சேர்ந்து மைதானத்தில் நடித்துக் காட்டுகின்றன. அவளுடைய பிள்ளைகளுக்குக் கிடைப்பது எப்போதும் வெள்ளைக்காரப் படை. வேறு எந்தப் பாடசாலையும் அந்த வேடத்துக்குச் சம்மதிக்கவில்லை. மிஞ்சிக் கிடந்ததை இவள் வாங்கிக்கொண்டாள். போன வருடம் வீரர்களைச் சுட்ட கையோடு சனம் "ஹூ" என்று கத்தியிருக்கிறது. யாரோ எறிந்த தண்ணீர்ப் போத்தல் ஒரு பிள்ளையின் நெற்றியில் பட்டிருக்கிறது.

"இந்த வருஷமும் ஹூ போட்டாங்கன்னா, இனி எதுக்கும் டவுனுக்கு அனுப்ப மாட்டோம்னு அம்மாமாரெல்லாம் சொல்லிட்டாங்க சார்," என்று போனில் சொன்னாள். "போட்டி, பரிசளிப்பு, ஒண்ணுக்கும் இல்லையாம். நாலு வருஷமா வாசல் வாசலா நின்னு கெஞ்சிக் கூட்டிட்டு வந்த புள்ளைங்க சார்."

காலை 8.50. விகாரை மலையைக் கீழே நின்றே பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். தம்புள்ளையிலிருந்து மாத்தளை 46 கிலோமீற்றர், டிக்கெட் 210 ரூபாய். நாவுல, நாலந்த, பலாபத்வல. வறண்ட காடு குறைந்து, மிளகும் பாக்கும் ஏறி, மலை கிட்ட வந்துகொண்டே இருந்தது. அந்தப் போர் நடந்த காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய கோப்பித் தோட்டக் கூலிகளும் இதே ரோட்டால்தான் நடந்து போனார்கள். வழியில் விழுந்து செத்தவர்களுக்குக் கணக்கில்லை. ஒரே ரோட்டில் ஒரு கூட்டம் அரசனோடு போனது, இன்னொரு கூட்டம் மூட்டையோடு போனது. பாடப்புத்தகத்தில் இரண்டும் வேறு வேறு பாடங்கள். முப்பத்தொரு வருடமாக நானும் அவற்றைச் சேர்த்துப் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

10.15. மாத்தளை பஸ் நிலையம். ஓட்டோக்காரர் நிசாம், ஐம்பது வயதிருக்கும். வெள்ளைக்காரரின் பழைய கோட்டையையும் பார்த்து மைதானத்துக்கும் போக 900 கேட்டார், 700க்கு இறங்கினார்.

"எந்தக் கோட்ட சேர்? ஓ, மையவாடியா! அங்க போறத்துக்கு எல்லாரும் அவசரப்படாமத்தான் இருக்காங்க," என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரிதான். ஒரு வாசலும் கொஞ்ச மதிலும்தான் மிச்சம், உள்ளே கல்லறைகள். போராட்டக்காரர் தாக்கிய கோட்டைக்குள் இப்போது யாரும் யாரையும் தாக்க வழியில்லை. இருபது நிமிடத்தில் பார்த்து முடித்தேன். நிசாமோடு ஒரு கடையில் ரொட்டியும் கட்ட சம்பலும் சாப்பிட்டேன், இரண்டு பேருக்கும் 380 ரூபாய். சாப்பாடு முடிந்ததும் அவரும் நாடகம் பார்க்க வருவதாகச் சொன்னார். "காசு வேணாம் சேர். நானும் மூணு வருஷமா பாக்காம விட்டுட்டேன்."

பிற்பகல் 2.10. மைதானத்தின் ஒரு மூலையில், மாமரத்துக்குக் கீழே வெள்ளைக்காரப் படை நின்றது. பதினான்கு பேர், ஒன்பது பேர் பெண் பிள்ளைகள். சிவப்பு மேற்சட்டை, காட்போட் தொப்பி, முகம் முழுக்கப் பவுடர். கோட்டைத் தளபதி மேரி ஜெனிட்டாவுக்குப் பதின்மூன்று வயது. போன வருடம் போத்தல் பட்ட நெற்றி அவளுடையதுதான். அவளுடைய அம்மா ரீட்டா கொழுந்தெடுக்கிறவர். அரைநாள் பேர் விழாமல் கூலி போனாலும் பரவாயில்லை என்று மகளுக்குக் காவலாக வந்திருந்தார். என்னைப் பார்த்து மரியாதைக்குத் தலையாட்டினார், சிரிக்கவில்லை.

"கடைசி தடவைங்க சார்," என்றார். "டீச்சர் முகத்துக்காக அனுப்புறேன்."

படைக்கு முரசு வேண்டுமென்று சுகந்தி தோட்டத்திலிருந்து ராமையா அண்ணனையும் தப்போடு கூட்டி வந்திருந்தாள். திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் அந்தத் தோட்டத்தில் தப்படிப்பவர் அவர்தான். வைக்கோலைக் கொளுத்தித் தப்பைச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்.

3.05. நாடகம் தொடங்கியது. முடிசூட்டு விழா நன்றாகவே இருந்தது. கச்சேரிக் காட்சியில் சனம் எழுந்து நின்று கைதட்டியது. பதிவேடுகளை எரிக்க அனுமதி இல்லாததால் கிழித்து எறிந்தார்கள். மைதானம் முழுக்க வெள்ளைக் கடதாசித் துண்டுகள். நானும் கைதட்டினேன். வரிக் கடதாசி கிழிபடுவதைப் பார்த்து யாருக்குத்தான் சந்தோஷம் வராது?

அடுத்தது வாரியப்பொல. தப்புச் சத்தத்தோடு எங்கள் பிள்ளைகள் அணிவகுத்து வந்தார்கள். முதல் "ஹூ" பின்வரிசையிலிருந்து கிளம்பியது. அது பரவிக்கொண்டே முன்னுக்கு வந்தது. ரீட்டா எழுந்துவிட்டார். சுகந்தி என் கையைப் பிடித்தாள். நடுவில் ஜெனிட்டா குச்சித் துவக்கைத் தூக்கி, எழுதிக் கொடுத்தபடி ஆங்கிலத்தில் கட்டளையிட்டாள். தப்பு இடித்தது. எதிரே சிங்களப் பாடசாலையின் உயரமான மாணவன் ஒருவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். போராட்டத்தை நடத்திய தலைவரை உண்மையில் பிறகு கண்டியில் வைத்துத்தான் சுட்டார்கள். இவன் பெயர் தெரியாத ஒரு வீரன். ஆனால் விழுந்த விதம் அச்சு அசலாக இருந்தது.

அப்போது தப்பின் அடி மாறியது.

நாடகத்தின்படி படை வெற்றிச் சத்தத்தோடு வெளியேற வேண்டும். வந்த அடியோ நின்று நின்று, கனத்து விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஐயோ சார், சாவு அடி!" என்றாள் சுகந்தி. "அண்ணன் மறந்து சாவுக்கு அடிக்கிறாரு!"

தோட்டத்தில் அந்த அடி கேட்டால் மலையில் நிற்பவரும் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்துவிடுவார்களாம். பிறகு அன்றைக்கு வேலை கிடையாது. அந்தப் பதினான்கு பிள்ளைகளும் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஜெனிட்டா ஒரு நொடி திகைத்தாள். பிறகு தொப்பியைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. துவக்குகளைப் பாடைமாதிரிக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, ஆறு பேர் விழுந்தவனைத் தூக்கினார்கள். செத்தவன் பாவம், எழும்புவதா கிடப்பதா என்று தெரியாமல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். ஜெனிட்டா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு சின்னப் பிள்ளை கீழே கிடந்த வரிக் கடதாசித் துண்டுகளைச் சட்டை நிறைய அள்ளி, பொரி இறைப்பதுபோல இறைத்துக்கொண்டு முன்னால் நடந்தது.

வெள்ளைக்காரப் படை, தான் சுட்டவனைத் தானே தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தது. "ஹூ" எங்கே நின்றது என்று எனக்குத் தெரியாது. பாதிச் சுற்றில் முன்வரிசைப் பெண்கள் எழுந்து நின்றார்கள். பிறகு எல்லோரும் நின்றார்கள். தப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

3.40. அமைப்பாளர், ஓய்வுபெற்ற சிங்கள அதிபர், வேகமாக வந்தார். எழுதிக் கொடுத்ததில் இது இல்லையே என்று சுகந்தியிடம் சொல்ல வாயெடுத்தவர், கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். ராமையா அண்ணன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பய விழுந்ததும் கை தானா மாறிருச்சிங்க டீச்சர். கெடுத்துப்புட்டேன்."

அந்த நேரம் வெள்ளைச் சாரி கட்டிய சிங்களப் பெண் ஒருவர் நேராக ஜெனிட்டாவிடம் வந்தார். விழுந்த மாணவனின் தாய். பிள்ளையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார், சொல்லும்போதே அழுதார். எனக்குச் சிங்களம் பஸ் ஏறி இறங்க மட்டும் போதும். நிசாமைப் பார்த்தேன்.

"மூணு வருஷமா அவங்கட மகன் இந்தக் கிரவுண்ட்ல செத்து விழுறானாம் சேர்," என்றார் நிசாம். "எல்லாரும் கைதட்டிட்டுப் போயிடுவாங்களாம். இன்னைக்கித்தான் தூக்க ஆள் வந்திச்சாம்."

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. மாமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். நான் வவுனியாக்காரன். எங்கள் பக்கத்தில் யுத்தத்தில் விழுந்தவர்களில் எத்தனையோ பேரைத் தூக்க ஆள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதைப் பயணக் கட்டுரையில் எழுதலாமா என்று யோசித்தேன். எழுதாமல் விட்டால் அன்று பார்த்ததை எழுதியதாக ஆகாது.

மாலை 5.15. எல்கடுவை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பவுடர் பாதி கலைந்த முகங்களோடு பிள்ளைகள் இருக்கைக்கு இருவர், மூவராக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுகந்தி வாசற்படியில் நின்றபடி கேட்க வேண்டியதைக் கேட்காமல் ரீட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரீட்டா சேலைத் தலைப்பால் மகளின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் உறுமியது. அப்போதுதான் நிமிர்ந்தார்.

"டீச்சர், அடுத்த வருஷம் எம்புள்ளய சுடுறதுக்குக் கூப்பிடாதீங்க," என்றார். "தூக்குறதுக்குன்னா அனுப்புறேன்."